வெளுப்பு தெரிந்தாலே புற்றுநோய் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எளிமையானது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவி, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பு பூசியதுபோல் விளிம்பு தெளிவாக வெளுத்தால் ‘பாசிட்டிவ்’. கூட்டம் நெரியும் முகாமில் முதலில் பறிபோவது அந்த ஒரு நிமிடம்தான். அவசரமாகப் பார்த்தால் வெளுப்பு கண்ணில் படாது. மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இந்த முறை அவ்வளவாகக் கைகொடுக்காது. அவர்களுக்கு, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனையே நல்லது.

பெரிய ஓட்டை இதற்குப் பிறகுதான். ‘பாசிட்டிவ்’ என்றதும் புற்றுநோய் என்றே பயந்து பலர் திரும்பி வருவதில்லை. அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; மேலும் சோதிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். கால்போஸ்கோபியில் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றம் என்றால், பெரும்பாலும் அந்த இடத்தை உறைய வைத்தோ சூடு வைத்தோ சரிசெய்து, சிகிச்சை செய்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் பேரணாம்பட்டில் பீடி சுற்றும் பெண் வேலூரில் பஸ் மாறி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர, ஒரு நாள் கூலி போகும். போன நாளில் மாதவிடாய் இருந்தாலோ, மருத்துவர் இல்லாவிட்டாலோ இரண்டாம் நாளும் போகும்.

ஆகவே பரிந்துரைச் சீட்டிலேயே தேதி, அறை எண், மாதவிடாய் நாளைத் தவிர்க்கும் குறிப்பு மூன்றையும் எழுதித் தர வேண்டும். வராதவரை ஒரு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியர் நேரில் பார்க்க வேண்டும். கணவர், மாமியார் காதுபட அல்ல, தனியாக.

மகளிர் சுகாதாரப் பணியாளர்கள்,
குடியாத்தம்