தண்ணீர்ப் பங்காளிகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே! அவள் அப்பன் தவழ்ந்ததே எனக்கு நேற்றுப் போலிருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அடுத்த உலகப்போர் தண்ணீருக்காகத்தான் வரும் என்கிறார்களே, நம்புகிறாயா என்று கேட்டிருந்தாய். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. எதிராளியைக் குறிக்கும் 'ரைவல்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள், ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன். நம் பங்காளி மாதிரியே! பங்குக்கு உரியவனும் அவன்தான், சண்டைக்கு வருகிறவனும் அவன்தான்.

ஆனால் பங்காளிகள் சண்டையில்லாமல் பேசித் தீர்த்துக்கொள்ளவும் முடியும். ஸ்பெயினில் வலென்சியா பேராலய வாசலில் வியாழன்தோறும் நண்பகலில் ஒரு தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. பாசன விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள். வழக்கு முழுக்க வாய்மொழிதான். வக்கீலும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. முறை தவறி மடை திறந்தவனுக்கு அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டாக இது ஓடுகிறது. 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. பக்கத்து வயல்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வது கடினம், அதுதான் இதன் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பங்காளிகளைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பொலிவியாவின் கோச்சபம்பா இருக்கிறது. நகரின் குடிநீர் தனியார் கைக்குப் போனது, கட்டணம் எகிறியது. தாங்களே வெட்டிய கிணற்றுக்கும் பணம் கேட்பார்களோ என்று மக்கள் பயந்து தெருவில் இறங்கினார்கள். உயிர்ப்பலியும் ஆனது. 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் அதற்குப் பிறகும் நகர ஓரத்து ஏழைகளுக்குக் குழாய் வந்துவிடவில்லை. போராட்டத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அதே பொலிவியாதான் 2010இல் தண்ணீர் மனித உரிமை என்ற தீர்மானத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. 122 நாடுகள் ஆதரித்தன, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. எதிர்க்க வெட்கம், ஒப்புக்கொள்ளத் தயக்கம்!

சிந்து நதியைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பாய், தெரியும். அதன் தண்ணீரைப் பங்கிட 1960இல் போட்ட ஒப்பந்தம் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்ட காலத்திலும் முறியவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தபோது, என் வாதமும் கொஞ்சம் ஆடிப்போனது உண்மைதான். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அப்புறம், பேத்தி நடக்கும் படம் ஒன்று கட்டாயம் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்