1840 விக்டோரியா வெள்ளி ரூபாய்: படத்தில் காட்டிய வகை வரவில்லை

அனுப்புநர்:
பழைய நாணயம் சேகரிக்கும் தங்கள் வாடிக்கையாளர், திருச்சி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வேறு வகை நாணயம் அனுப்பியது, சான்றிதழில் தவறான விவரம் தந்தது, பணம் திரும்பக் கேட்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் இணையதளத்தில் 'கண்டினியூவஸ் லெஜண்ட்' (ராணியின் பெயர் எழுத்து தொடர்ச்சியாக ஓடும் வகை) என்று போட்டிருந்த 1840 கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு ரூபாயை வாங்கினேன். வந்திருப்பது 'டிவைடட் லெஜண்ட்' (அந்த எழுத்து இரண்டாகப் பிரிந்த வகை). மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "இரண்டும் 1840 நாணயம்தான், அதே வெள்ளி, அதே எடை, ரிட்டர்ன் ஏற்க இயலாது" என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில் தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளியும் எடையும் ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு வகையுமே 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. ஆனால் நான் வெள்ளி வாங்க வரவில்லை. அதற்கு நகைக்கடை இருக்கிறது. நான் தேடியது ஒரு குறிப்பிட்ட அச்சில் வந்த நாணயத்தை. உங்கள் பக்கத்திலேயே இரண்டு வகைக்கும் தனித்தனி விலை போட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான் என்றால் விலை ஏன் மாறுகிறது?

நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்டினியூவஸ் வகையில் 'விக்டோரியா குயீன்' என்ற ஆங்கில எழுத்துகள் ராணியின் தலைக்கு மேலே ஒரே வளைவாக ஓடும். டிவைடட் வகையில் தலை மேலே விளிம்புவரை போய் எழுத்தை வெட்டிவிடும்: விக்டோரியா இடப்பக்கம், குயீன் வலப்பக்கம். எனக்கு வந்தது இப்படித்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் 'ஒன் ருபீ' என்பதைச் சுற்றியுள்ள இலை வளையத்தில் சின்னச் சின்ன பெர்ரிகள் இருக்கும். லூப் என்ற சிறு பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன். நீங்கள் இணையதளத்தில் போட்ட படத்தில் 19, எனக்கு வந்ததில் 28. டிவைடட் வகைக்குள்ளேயே 28, 34, 35 என்று பெர்ரி எண்ணிக்கை வைத்துப் பிரிப்பது சேகரிப்பாளர்களிடம் வழக்கம். அதாவது படத்தில் இருப்பதும் பெட்டியில் வந்ததும் ஒரே நாணயம் இல்லை. நாணயத்தை வைத்து மூடிய கேப்சூலைத் திறக்காமல், பிளாஸ்டிக் வழியாகவே இவ்வளவும் தெரிகிறது. அதனால் "சீல் உடைத்தால் ரிட்டர்ன் இல்லை" என்ற நிபந்தனையும் இங்கே பொருந்தாது.

ராணி உருவத்தின் கழுத்து முடியும் இடத்தில் டபிள்யூ டபிள்யூ என்ற எழுத்துகள் இருப்பதையும் உங்கள் பதிலில் ஆதாரமாகக் காட்டியிருந்தீர்கள். அது உருவத்தை வடித்த வில்லியம் வயானின் முதலெழுத்து. இரண்டு வகையிலும் வரும். அதை வைத்து வகை பிரிக்க முடியாது.

"இரண்டும் 1840தான்" என்பதில் இன்னும் பெரிய தவறு இருக்கிறது. அந்தக் காலத்து ரூபாயில் வருடத்தை மாற்றாமலே பல ஆண்டுகள் அச்சடித்தார்கள். 1840 என்ற தேதி, 1862இல் 'இந்தியா' என்று பெயர் போட்ட புது ரூபாய் வரும்வரை அப்படியே நீடித்தது. முதலில் வந்தது கண்டினியூவஸ். டிவைடட் வகை 1850களைச் சேர்ந்தது. நாணயத்தில் 1840 என்று இருந்தாலும் அது அந்த ஆண்டில் அடிக்கப்பட்டது இல்லை. இந்த வரலாறு தெரிந்துதான் ஒருவர் முந்தைய வகையைத் தேடி வாங்குகிறார்.

எனக்கு மிகவும் வருத்தமானது உங்கள் சான்றிதழ். 'கண்டினியூவஸ் லெஜண்ட், அச்சான ஆண்டு 1840' என்று முத்திரையோடு அச்சடித்து, டிவைடட் நாணயத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். நாளை நான் இதை வேறொருவருக்கு விற்றால், அவர் நாணயத்தைப் பார்க்காமல் தாளை நம்பிப் பணம் கொடுப்பார். புதிதாகச் சேகரிக்க வருகிற பிள்ளைகள் இப்படிப்பட்ட தாளை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தவறான சான்றிதழ் ஒரு தடவை வெளியே போய்விட்டால் கை மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பேக்கிங் நன்றாக இருந்தது, சொன்ன நாளில் வந்து சேர்ந்தது. அதில் குறை எதுவும் இல்லை.

நான் கேட்பது இதுதான். படத்தில் காட்டிய அதே நாணயத்தை அனுப்புங்கள். அது கையிருப்பில் இல்லையென்றால், கூரியர் செலவு உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். தவறான சான்றிதழை ரத்து செய்து அதை எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம், மாதிரிப் படம் போடுவதை விட்டுவிட்டு, விற்கிற நாணயத்தையே இரண்டு பக்கமும் படமெடுத்துப் போடுங்கள். பழைய நாணயத்தில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 15 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இணைப்பு: ரசீது நகல், சான்றிதழ் நகல், இணையதளப் படத்தின் ஸ்கிரீன்ஷாட், வந்த நாணயத்தின் இருபக்கப் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்