மில் திவால் ஆகவில்லை

ஆசிரியருக்கு, வணக்கம்.

கடன் பாக்கிக்காக ஒரு நூற்பாலைமீது வந்த மனுவைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதை, தங்கள் நாளிதழ் ‘மில் திவால்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆங்கிலச் செய்திகளில் அடிபடும் ‘பாங்க்ரப்ட்’ என்பதைத்தான் அப்படி எழுதினீர்கள் போலும். அந்தச் சொல் இங்கே பொருந்தாது.

பிரிட்டனில் பாங்க்ரப்ட் ஆவது தனிமனிதர்தான். கம்பெனிகளுக்கு வேறு நடைமுறை. அமெரிக்காவில் கம்பெனிக்கும் அதே சொல் உண்டு, ஆனால் இழுத்து மூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1-ல் மனு கொடுத்து, ஜூலை 10-ல் புதிய கம்பெனியாக வெளியே வந்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு ‘இன்சால்வென்சி அண்ட் பாங்க்ரப்ட்சி’ சட்டம், பெயரில் அந்தச் சொல் இருந்தாலும், தனிநபர், பங்குதாரர் நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) பற்றிய பகுதியில்தான் அதைப் பயன்படுத்துகிறது. கம்பெனிக்கு முதலில் நடப்பது, அதை மூடாமல் கடனைத் தீர்க்க வழி தேடும் தீர்வு நடவடிக்கை. அது கைகூடாவிட்டால்தான் சொத்தை விற்றுக் கம்பெனியை மூடும் கலைப்பு. 2017-ல் இந்த நடவடிக்கைக்குப் போன பூஷண் ஸ்டீலை மறுவருடமே டாடா ஸ்டீல் வாங்கி நடத்தியது.

எங்கள் பக்கம் திவால் என்றால் மஞ்சள் நோட்டீஸ், அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் ‘ஐ.பி.’ எனும் திவால் மனு கொடுப்பது. ‘ஐ.பி. கொடுத்துட்டான், இனி பைசா பேராது’ என்று தலை முழுகிவிடுவார்கள். நான் கணக்குப் பார்க்கும் ஒருவர் அந்த மில்லுக்கு நூல் சுற்றும் அட்டைக் கோன் சப்ளை செய்தவர். தங்கள் செய்தியைப் படித்ததும் பாக்கி பில்களை ரப்பர் பேண்டு போட்டு பீரோவில் வைத்துவிட்டார். பாக்கிக்கு உரிமை கோரிப் படிவம் கொடுக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நடவடிக்கை தொடங்கியதும் கம்பெனியின் பொறுப்பை ஏற்கும் இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமனமான 14 நாளுக்குள் கொடுக்கச் சொல்லி, வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பு வந்ததும் தங்கள் நாளிதழில்தான், உள்பக்கத்தில், பொடி எழுத்தில்.

படிவம் கொடுத்தால் முழுப்பணமும் வந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். சிறு சப்ளையர்களுக்குப் பெரும்பாலும் சொற்பமே மிஞ்சுகிறது. பட்டியலில் பெயர் ஏறாதவருக்கு அந்தச் சொற்பமும் போய்விடும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இனி இப்படிப்பட்ட செய்திகளில் ‘தீர்வு நடவடிக்கை தொடங்கியது’ என்றே தலைப்பிடுங்கள். பாக்கி வரவேண்டியவர்கள் படிவம் கொடுக்கக் கடைசித் தேதி எது என்பதையும் அதே செய்தியின் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்