"வயசானா அப்படித்தான்" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

வடசென்னையில் நகர்ப்புறச் சுகாதார நிலையங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு, வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவை மூன்றாவது முறையாக எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். மறதியைப் பற்றிச் சொன்னேன். "வயசானா அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அப்பாவுக்கு 71 வயது. காசிமேட்டில் 40 வருஷம் வலை பின்னியவர், கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவார். இப்போது இரண்டு கண்ணி போட்டதும் கை நின்றுவிடுகிறது. ஊசி அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் போனால் ஊசியை மடிக்குள் மறைக்கிறார். போன மாதம் காலையில் பால் வாங்கப் போனவரை ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார்.

வயதானால் மூளை மாறும், சரி. அதன் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் உறை தேயும். சேர்ந்து இயங்கும் மூளையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் ஒத்திசைவு குறையும். பெயர் சட்டென்று வராது, கணக்குப் போட நேரமாகும். ஆனால் பிறந்து வளர்ந்த தெருவே தெரியாமல் போவது அதில் சேராது. அல்சைமர் நோயில், மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இந்த இணைப்புகள் தளரத் தொடங்கிவிடுகின்றன. அடங்காத பிரஷர், அந்த இழைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களைக் கெடுக்கும். வைட்டமின் பி12 குறைவோ தைராய்டோ காரணம் என்றால் மருந்திலேயே சரியாக வாய்ப்புண்டு. இதில் எது என்று பார்க்காமலே எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?

வாரத்தில் ஒரு நாள் நினைவாற்றல் பரிசோதனை வையுங்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வதற்கும், ஒரு கடிகாரம் வரையச் சொல்வதற்கும் பத்து நிமிடம் போதும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறீர்கள். அதோடு இந்தக் கேள்விகளையும் கேட்கலாமே. கிண்டியில் 2024இல் முதியோர் மருத்துவமனை திறந்தது நல்லதுதான். வழி தவறும் மனிதரைக் காசிமேட்டிலிருந்து பஸ் மாறி மாறி அங்கே கூட்டிப்போவது எவ்வளவு பாடு என்று யோசித்தீர்களா?

டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. அதில் காற்று மாசும் ஒன்று. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலி ஆலைப் புகையையும் இத்தனை வருஷம் சுவாசித்தவர்கள் நாங்கள். எங்கள் முதியவர்களுக்கா இந்தப் பரிசோதனை இல்லை?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் நர்சுகள் ஓய்வில்லாமல் உழைப்பதையும் பார்க்கிறேன். கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் ஒரு நாள், எங்கள் பகுதியிலேயே, நினைவாற்றல் பரிசோதனை. வரும் செவ்வாய்க்கிழமையும் அப்பாவோடு வருவேன். தயவுசெய்து யாராவது அவர் எதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு மகள்