ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கு: இன்டிகேட்டருக்கும் ஒரு வகுப்பு வையுங்கள்

வணக்கம்.

கிளட்சுக்கும் ரிவர்சுக்கும் நாள்கணக்கில் பொறுமையாக நேரம் ஒதுக்குகிறீர்கள். இன்டிகேட்டர் மட்டும் “இப்படித் தட்டினால் இந்தப் பக்கம், அப்படித் தட்டினால் அந்தப் பக்கம்” என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

இன்டிகேட்டர் லிவர் தானாகத் திரும்பி வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் வளைந்து முடித்து ஸ்டியரிங்கை நேராக்கும்போது, அதன் தண்டோடு சுழலும் சின்னப் புடைப்பு ஒன்று லிவரைத் தட்டி நடுவுக்குத் தள்ளுகிறது. லேன் மாறும்போது ஸ்டியரிங் அந்த அளவுக்குச் சுற்றாது, லிவரும் விழாது. விளக்கு பாட்டுக்கு மின்னிக்கொண்டே போகும். குறுக்குச் சாலையில் காத்திருப்பவர் அதை நம்பி, “இந்த வண்டி திரும்பப் போகிறது” என்று தன் வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? லேன் மாற லிவரை லேசாகத் தொட்டாலே மூன்று முறை மின்னி அணைந்துவிடும் வசதி இன்று பல கார்களில் இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுங்கள்.

அப்புறம் அந்த டிக் டிக் சத்தம். முன்பு, விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் ரிலே என்ற சுவிட்சிலிருந்து வந்தது. இப்போது பல கார்களில் ஸ்பீக்கர் எழுப்பும் சத்தம்தான். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவது சரியான வேகம். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் படபடவென்று மின்னினால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கலாம். பல்பு போனால் மின்னோட்டம் குறையும். அதை உணர்ந்து வேகத்தைக் கூட்டும்படிதான் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். சாதாரண பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டாலும் இதே கூத்து நடக்கும், எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால்.

எனக்குப் பெரிய குறை, நாலு இன்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் விளக்கில்தான். சந்திப்பில் நேராகப் போவதற்கு நாலு விளக்கையும் போடுகிறார்கள். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம்! பக்கத்துச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். அவர் கண்ணுக்கு அது திரும்பப் போகும் வண்டி. மழையில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுபவர்களும் உண்டு. அந்த நேரத்தில் லேன் மாற நினைத்தால் பல வண்டிகளில் இன்டிகேட்டர் தனியாகத் தெரியாது. பழுதாகி நிற்கும் வண்டிக்கும், முன்னால் போக்குவரத்து சட்டென்று நின்றதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வதற்கும் அது இருக்கட்டும். ஓங்கி பிரேக் பிடித்தால் தானாகவே அதை எரியவிடும் கார்களும் வந்துவிட்டன.

பூட்டும்போது மின்னுவதை எல்லோரும் அறிவார்கள். சில ஜெர்மன் கார்களில் எஞ்சினை அணைத்த பிறகு லிவரைத் தட்டினால், அந்தப் பக்கத்துச் சிறுவிளக்கு மட்டும் எரியும். இருட்டுச் சாலையோரம் நிறுத்த உதவும். தெரியாமல் தட்டிவிட்டுப் போய், காலையில் பேட்டரியைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் வண்டியை நிறுத்தி வைத்து ஒருவரை உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். அப்புறம் கிளட்சுக்குப் போகலாம்.