பேசுவதற்கு ஓர் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனநலம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், போனிலும் வீடியோவிலும் கிடைக்கும் மனநல ஆலோசனையைத் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராம மக்கள் அதிகம் பயன்படுத்தாததற்கு 'போதிய விழிப்புணர்வு இல்லாததே காரணம்' என்று எழுதியிருந்தீர்கள். பல வருடமாகத் தங்கள் வாசகியாக இருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனதை நோகடித்துவிட்டது.

பிரசவத்துக்குப் பிறகு என் தங்கைக்குத் தூக்கமே போய்விட்டது. பிள்ளை அழுதால் இவளும் அழுவாள். சேலத்தில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் ஒரு தடவை ஆலோசகரிடம் வீடியோவில் பேசச் சொன்னார். கைக்குழந்தையோடு பஸ் ஏறி அலைய வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கூடம். பாட்டி படுத்திருப்பதும் அங்கேதான், பிள்ளை பார்க்க வருகிறவர்கள் உட்காருவதும் அங்கேதான். சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர் டேங்க் அருகே போய் நிற்க வேண்டும். "தனியாத்தான் இருக்கீங்களாம்மா?" என்றுதான் ஆலோசகர் ஒவ்வொரு முறையும் பேச்சைத் தொடங்குவார். குடத்தோடு யாராவது வந்தால் என் தங்கை ராகி விலை கேட்பாள். ஆள் வந்துவிட்டது என்று அந்த அம்மா புரிந்துகொள்வார். மாமியார் வீட்டில் நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும் நேரமாகப் பார்த்துப் படம் அப்படியே நின்றுபோகும். இதில் எந்த விழிப்புணர்வு எங்களுக்குக் குறைந்துபோயிற்று, ஐயா?

எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பின்தங்கிய' என்ற சொல் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கிய தருமபுரி - மொரப்பூர் ரயில் பாதைக்காக எத்தனை தலைமுறை மனு எழுதியிருக்கிறது! ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் கறை பிடித்தது எங்கள் அறியாமையாலா? தற்கொலைச் செய்தி போட்டால் குடித்த மருந்தின் பெயர் வரைக்கும் எழுதுகிறீர்கள். அதையெல்லாம் எழுதக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019-லேயே சொல்லியிருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உதவி எண் மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் வருகிறது.

நான் இந்தச் சேவைக்கு எதிரி இல்லை. என் தங்கை தேறியது அதனால்தான். துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் அக்கா மதிய நேரத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டார். சாலையோரம் என்பதால் சிக்னலும் கிடைத்தது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அன்றைக்குத்தான் அவள் மனம்விட்டுப் பேசினாள். மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போனில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற அதன் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம், பட்டன் போன் போதும். அப்படியிருந்தும், அடுத்தவர் காதில் விழாமல் பேச எங்கள் பெண்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

அஞ்செட்டி, ஏரியூர், சித்தேரி போன்ற ஊர்களின் சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு மதியமாவது இப்படி ஓர் அறையை ஒதுக்கும்படி தங்கள் நாளிதழ் மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டு எழுத வேண்டும். அதுவரை 14416 என்ற எண்ணை, ராசிபலன் போடும் அளவு எழுத்திலாவது தினமும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.