கணக்கு எங்களுக்குத் தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உணவு வீணாவது பற்றி வந்த கட்டுரையில், ‘சிறு ஓட்டல்காரர்கள் கணக்கு வழக்கில்லாமல் சமைத்துக் குப்பையில் கொட்டுகிறார்கள்’ என்று ஒரு வரி. கும்பகோணத்தில் 19 வருடமாக மெஸ் நடத்துகிறேன். அதைப் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார மனம் வரவில்லை.

இந்த ஊரில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று தாங்கள் அறியாததல்ல. எங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் மண்டபத்துப் பந்தியில் இருப்பார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் பீன்ஸ் விலையும் ஏறி நிற்கும். ஐப்பசியில் பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் வடித்த சோறு வடித்தபடியே கிடக்கும். அதைக் கழனித் தொட்டியில் சாய்க்கும்போது வயிறு எரிவது உலை வைத்தவளுக்குத்தான் தெரியும். தொண்டு அமைப்புக்குக் கொடுக்கலாமே என்கிறது கட்டுரை. கூப்பிட்டுப் பார்த்தேன். பதினைந்து சாப்பாட்டுக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியாது என்றார்கள்.

உலகில் வீணாகும் உணவில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்ற இடங்களில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. தாங்களும் படித்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பாதி சாப்பிட்டு மூடிய இலைகளைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே ஐயா.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் ஏழு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலை பத்தரைக்கு அவரவர் மிச்சத்தைச் சொல்லிவிட வேண்டும். என் கடையில் மிஞ்சும் மாவு மதியத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். எனக்கு அது நஷ்டம், சாயங்காலம் குழிப்பணியாரம் போடும் அக்காவுக்கு அதுதான் வேண்டும். தூக்கைக் கொடுத்தனுப்பினால் கழுவித் திருப்பி அனுப்புவார். சட்னிக்கு உடைக்கிற தேங்காயின் தண்ணீரை ஆப்பக்கடைக்காரர் வாங்கிப்போய் மாவில் சேர்க்கிறார். பேக்கரியில் விற்காத பிரெட் ரஸ்க் ஆகிறது. சமைத்த சாம்பாரையோ பொரியலையோ மாற்றிக்கொள்வதில்லை என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். என் கடையில் முன்பு நாளைக்கு இரண்டு குடம் போன கழனி இப்போது அரைக் குடம்கூட இல்லை.

இடிக்கிற இடம் ஒன்றுதான். தக்காளி மலிந்து கிடக்கும்போது சேர்ந்து பெட்டி பெட்டியாக வாங்கினால் வைக்கக் குளிர்ந்த இடமில்லை. உணவு பதப்படுத்தும் சிறு தொழில் செய்பவர்கள் சேர்ந்து அமைக்கும் பொது வசதிக்கு 35 சதவீத மானியம் என்று 2020இல் மத்திய அரசுத் திட்டம் ஒன்று வந்ததே, அதை நம்பி மூன்று முறை அலைந்தேன். முதலில் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். பிறகு திட்ட அறிக்கை கேட்டார்கள். கடைசியில், “நீங்கள் ஓட்டல்காரர்கள், பதப்படுத்துபவர்கள் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். வருடா வருடம் தொக்கும் ஊறுகாயும் போடுகிற கை இது. பிளாஸ்டிக் தடை வந்த 2019இல் அபராதம் போடமட்டும் எங்கள் கடை வாசல் தெரிந்தது.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் எங்கள் தரப்பையும் இரண்டு வரி போடுங்கள். எங்கள் பக்கத்தில் காய்கறிக்கென்று கட்டிய குளிர்பதன அறை பாதி காலியாகக் கிடக்கிறது. அதைப் பெட்டிக் கணக்கில் நாள் வாடகைக்குச் சிறு கடைகளுக்கும் தரலாமே என்று உங்கள் பத்திரிகை ஒரு முறை எழுதட்டும். வாடகையை முன்பணமாகவே கட்டுகிறோம்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் வாசகி,
கும்பகோணம்